சதுர்த்தசியும் மூன்றாவது கியரும்

முந்நூறு பையன்களின் கால்களை ஒரே நேரத்தில் தூக்கவும் ஒரே நேரத்தில் இறக்கவும் வைக்கத் தெரிந்தவன் நான். விழுப்புரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். "லெப்ட்" என்றால் முந்நூறு இடது கால் தரையில் விழும். என்னுடைய சொந்த இடது கால் மட்டும் நான் சொன்னதைக் கேட்காது என்பது எனக்கு முப்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரியவைத்தது ஒரு மோட்டார் கார்.

கார் என்னுடையது அல்ல. மச்சானுடையது, அதாவது என் மனைவியின் அண்ணன். திண்டிவனத்தில் அரிசி மில் வைத்திருந்தார். பாண்டிச்சேரியை விட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு பிரெஞ்சுக்காரரிடம் அதை வாங்கியிருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து ரோடுகளில் அப்படி நாலைந்து பாண்டிச்சேரி வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே அடையாளம்: ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். நம் ஊர் வண்டிகளில் டிரைவர் உட்காருகிற வலது பக்கத்தில் இதில் பக்கத்தில் வருகிறவர் உட்கார வேண்டும். அந்த இடத்தில் என் மனைவி உட்கார்ந்தாள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்த அவமானத்தில் பாதி இதனால் வந்தது.

எனக்குக் கார் எதற்கு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

நாங்கள் நயினார்கள், தமிழ்ச் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. விளக்கு வைப்பதற்கு முன் இலையை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதில் எனக்கு என்றைக்கும் கஷ்டம் இருந்ததில்லை. டிரில் மாஸ்டருக்கு நாலு மணிக்கே பசித்துவிடும். ஆனால் என் மாமியார் ஒரு நோன்பு எடுத்திருந்தார். கல்யாணத்துக்கு முன் என் மனைவிக்கு விஷக்காய்ச்சல் வந்து பிழைக்கமாட்டாள் என்று கைவிட்ட சமயத்தில் வேண்டிக்கொண்டது. பிழைத்துக் கல்யாணமும் ஆகிவிட்டால், ஒரு வருஷம் ஒவ்வொரு சதுர்த்தசியன்றும் மகளுக்கும் மருமகனுக்கும் தன் கையால் சோறு போடுவது, அவர்கள் எழுந்தபிறகுதான் அன்றைய ஒரே வேளைச் சாப்பாட்டைத் தான் சாப்பிடுவது, சாப்பிட்டு முடிக்கும்வரை பேசாமல் இருப்பது. பேச்சு வந்துவிட்டால் இலையை விட்டு எழுந்துவிட வேண்டும்.

நாங்கள் திண்டிவனத்திலேயே இருந்தவரை நோன்பு தன்பாட்டுக்கு நடந்தது. மாதம் இரண்டு நாள், இரண்டு தெரு தாண்டிப் போய் உட்கார்ந்து பாயசத்தோடு சாப்பிட்டுவிட்டு வருவேன். வருஷம் முடிய மூன்று மாதம் இருக்கும்போது என்னை விழுப்புரத்துக்கு மாற்றினார்கள். இருபத்து நாலு மைல். பள்ளிக்கூடம் விடுவது நாலேகால். நாலே முக்காலுக்கு ஒரு பஸ். அது ஒவ்வொரு புளியமரத்தடியிலும் நின்று நலம் விசாரித்துக்கொண்டு போய்ச் சேரும்போது தெருவில் விளக்கு எரியும். முதல் சில சதுர்த்தசிகளுக்கு மத்தியானமே பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன். பிறகு விளையாட்டு விழாவுக்குப் பையன்களைத் தயார்பண்ண வேண்டுமென்று தலைமையாசிரியர் பர்மிஷனை நிறுத்திவிட்டார்.

"நானே வந்து கூட்டிக்கினு போறேன் மாப்ளே" என்றார் மச்சான்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். "மில்லை விட்டுட்டு நீங்க எதுக்கு மச்சான் அலையணும்? வண்டியக் குடுங்க. நாலு நாள் சொல்லிக்குடுங்க. நானே ஓட்டிக்கிறேன். கால் வேலைதானே!" என்றேன்.

கால் வேலைதானே என்று சொன்ன அந்த வாயை இன்றைக்கும் கண்ணாடியில் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் சொல்லிக்கொடுத்தார். அந்த வண்டியில் இப்போதைய கார்கள்போல் கியரைத் தள்ளினால் போய் விழுந்துவிடாது. கிளட்ச்சை மிதித்துக் கியரைக் கழற்ற வேண்டும். கிளட்ச்சை விட வேண்டும். மறுபடி மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டும். அப்புறம் விட வேண்டும். இவ்வளவும் ஒரு மூச்சுக்குள் நடக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் உள்ளே பல்லும் பல்லும் உரசும். கொஞ்சம் பிந்தினாலும் உரசும். அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது. ஆட்டுக்கல்லில் ஜல்லியைப் போட்டு ஆட்டிப் பாருங்கள்.

போதாக்குறைக்கு அந்த எஞ்சினுக்கு ஒரு குணம். ஆக்ஸிலரேட்டரை மிதித்த உடனே ஒன்றும் நடக்காது. நாம் சந்தேகப்பட்டு இன்னும் கொஞ்சம் மிதிப்போம். பழைய மிதி, புதிய மிதி, வட்டி எல்லாம் சேர்த்து ஒரேயடியாகக் கிளம்பும். அந்த வேகம் குறைவதற்குள் அடுத்த கியர் விழுந்தாக வேண்டும். விழாவிட்டால் வண்டி தளர்ந்துவிடும். மறுபடி கீழ் கியருக்கு வந்து, மறுபடி கெஞ்சி, மறுபடி காத்திருக்க வேண்டும்.

"நெனச்சிக்கினே போடறீங்க மாப்ளே. அதான் கடிக்குது. நெனைக்காம ஜல்தியா போடுங்க."

"நினைக்காம எப்படி மச்சான் போடறது?"

"பாருங்க, இப்பக்கூட நெனைக்கிறீங்க."

நினைக்காமல் இருக்க வேண்டும் என்பதை விடாமல் நினைத்துக்கொண்டே இரண்டு ஞாயிறு ஓட்டினேன். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு நாலில் மூன்று தடவை போனது. இரண்டிலிருந்து மூன்றுக்குப் பத்தில் ஒரு தடவை போகும். அந்த ஒரு தடவையும் நான் வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருந்தபோது தானாகப் போனதுதான்.

ஆசிரியர் அறையில் ஓய்வு நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அடிக்கோலை முழங்காலுக்கு நடுவில் நிறுத்தி வைத்துப் பழகினேன். கிளட்ச், கழற்று, கிளட்ச், போடு. ஒருநாள் தலைமையாசிரியர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "வாயு பிடிச்சிக்கிச்சா சார்? வெந்நீர்ல உப்புப் போட்டுக் காலை வைங்க" என்றார். வீட்டில் சாப்பிடும்போது கால் தன்பாட்டுக்கு எதிரே மிதிக்கும். தண்ணீர்ச் செம்பு இரண்டு தடவை கவிழ்ந்தது. மைதானத்தில் பையன்கள் ஒரு பாடம் படித்துக்கொண்டார்கள். நான் விறைப்பாக நின்று "அட்டேன்ஷன்!" என்றதும் கடைசி வரிசையிலிருந்து "க்ர்ர்ர்ர்" என்று ஒரு சத்தம் வரும். யார் என்று கண்டுபிடிக்க முடியாது. முந்நூறு பேரும் சாமி சிலைபோல் நிற்பார்கள். நான் அவ்வளவு நன்றாக அட்டேன்ஷன் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

லைசன்ஸ் மட்டும் சுலபமாகக் கிடைத்தது. இன்ஸ்பெக்டர் ஒரு மைதானத்தைச் சுற்றிவரச் சொன்னார். கியர் மாற்றுகிற அபாயமான வேலைக்கே போகாமல் முதல் கியரிலேயே சுற்றிவந்து நின்றேன். "நிதானமான ஆளு" என்று கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

முதல் சதுர்த்தசிக்கு அந்த நிதானத்தோடு கிளம்பினோம். மணி நாலரை. திண்டிவனம் போகிற ரோட்டில் சாயங்காலச் சூரியன் இடது பக்கம் இருக்கும். ஸ்டியரிங்கும் இடது பக்கம். அதனால் வழியெல்லாம் சூரியன் என் கன்னத்திலேயே உட்கார்ந்து எவ்வளவு இறங்கியிருக்கிறேன் பார் என்று காட்டிக்கொண்டு வந்தது.

முண்டியம்பாக்கம்வரை மூன்றாவது கியருக்குப் பதினோரு தடவை முயற்சி பண்ணினேன். பதினோரு தடவையும் உள்ளே ஜல்லி ஆட்டியது. "சரி போ, உனக்கு இஷ்டமில்லேன்னா வேணாம்" என்று இரண்டாவது கியரிலேயே ஓட்டினேன். எஞ்சின் கத்திக்கொண்டே வந்தது. விக்கிரவாண்டிக்குள் நுழையும்போது முன்பக்கம் ஆவி கிளம்பி ரோடே தெரியவில்லை. நிறுத்தினேன். டீக்கடையிலிருந்து ஒருவர் தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார். வந்தவர் என்னைத் தாண்டிக்கொண்டு வலது பக்கம் போய் என் மனைவியிடம் நின்றார்.

"இன்னாம்மா, ரெண்டாங் கியர்லயே இட்டுக்கினு வந்தீங்களா? வண்டி இன்னாத்துக்கு ஆவும்?"

அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர் டிரைவர். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் ரோட்டோரத்துப் புளியமரத்தைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் பார்த்தேன்.

எஞ்சின் ஆற முக்கால் மணி நேரம் ஆயிற்று. திண்டிவனம் போய்ச் சேர்ந்தபோது எதிரே வந்த கட்டை வண்டிகளின் அடியில் லாந்தர் ஆடிக்கொண்டிருந்தது. மாமியார் வாசலில் நின்றிருந்தார். உள்ளே இரண்டு இலை போட்டு, தண்ணீர் தெளித்து, அது காய்ந்தும் போயிருந்தது. முந்தின நாள் பொழுதோடு சாப்பிட்டவர். இனி மறுநாள் காலையில்தான்.

"அத்தை..." என்றேன்.

"வண்டி நல்லபடியா வந்துச்சே, அது போதும். காலைல சாப்புட்டுக்கினா போச்சு" என்று இலைகளைச் சுருட்டினார். பருப்பு, மோர்க்குழம்பு, பாயசம் எல்லாம் மாட்டுக்குப் போயிற்று. அன்றைக்கு அந்த வீட்டில் சாப்பிட்டது மாடு ஒன்றுதான்.

மச்சான் தாங்காமல், "அடுத்த வாட்டி நானே போயி இட்டுக்கினு வர்றேம்மா. இவர வுட்டா நீ பட்டினிதான்" என்றார்.

"நீ சும்மாரு. அவரு கத்துக்கினு இருக்காரு. அவரே ஓட்டிக்கினு வருவாரு" என்றார் மாமியார்.

திட்டியிருந்தால் தேவலை. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் நின்றுகொண்டு என்னை நம்பினார். அந்த வாரம் முழுக்க அந்த நம்பிக்கை என் முதுகில் மல்லாட்டை மூட்டைபோல், அதாவது வேர்க்கடலை மூட்டைபோல், உட்கார்ந்திருந்தது.

இரண்டாவது சதுர்த்தசிக்குள் நான் கொஞ்சம் தேறியிருந்தேன். மூன்றாவது கியர் இரண்டுக்கு ஒன்று விழுந்தது. விழும்போது ஏதோ என் பெருந்தன்மைக்காக விழுவதுபோல் முகத்தை வைத்துக்கொள்வேன். விக்கிரவாண்டியை ஆவி கிளப்பாமல் தாண்டினேன். அந்த டீக்கடைக்காரர் என் மனைவிக்குக் கும்பிடு போட்டார். மயிலம் குன்று வந்தபோது சூரியன் இன்னும் இரண்டு பனை உயரம் இருந்தது. நான் சீட்டி அடிக்க ஆரம்பித்தேன்.

திண்டிவனம் ரயில்வே கேட் மூடியிருந்தது. ரோடு தண்டவாளத்துக்குக் கொஞ்சம் மேடாக ஏறிப்போகும். அந்த ஏற்றத்தில் நின்றோம். பின்னால் நாலைந்து மாட்டு வண்டி, ஒரு லாரி. ரயில் போயிற்று, கேட்டைத் தூக்கினார்கள். முதல் கியர் போட்டேன். கடித்தது. மறுபடி போட்டேன். கடித்தது. மூன்றாவது தடவை விழுந்தது. மிதித்தேன். எஞ்சின் வழக்கம்போல் யோசித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் வண்டி பின்னால் உருண்டது. பின்னாலிருந்த மாடுகள் மிரண்டன. பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் நின்றுவிட்டது.

இப்படி ஐந்து தடவை. லாரிக்காரர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார். கேட்காரர் கையில் பச்சைக் கொடியோடு வந்து, வலது பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"ஏம்மா, ஓட்டத் தெரியாதவங்க இன்னாத்துக்கும்மா வண்டிய எடுத்துக்கினு ரோட்டுக்கு வர்றீங்க? ஊருக்கே பேஜாரு பண்றீங்களே!"

ஓட்டுவது நான் இல்லை, அவர்தான் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்ல அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. அவள் சொல்லவில்லை. "மன்னிச்சிக்குங்க" என்றாள், தலையைக் குனிந்துகொண்டாள். நான் இடது பக்கத்தில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு பயணியைப்போல் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சின்னவனாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான். மற்ற சமயங்களில் இதைவிடக் கொஞ்சம் பெரியவனாகவே இருந்திருக்கிறேன்.

வண்டிக்காரர்கள் இறங்கி ஆளும்பேருமாகத் தள்ளிக் கேட்டைத் தாண்டிவிட்டார்கள். தெருமுனை திரும்பும்போது என் கன்னத்திலிருந்த சூரியனைக் காணோம். மாமியார் இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "கேட்டு வரைக்கும் வந்துட்டீங்களாமே! போன வாட்டிக்கு இது எவ்ளோ தேவலை" என்றார். எனக்கு அழுகை வந்தது. டிரில் மாஸ்டர் அழக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் மச்சான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவதுதான் நோன்பின் கடைசிச் சதுர்த்தசி. இதிலும் மாமியார் பட்டினி கிடந்தால் வருஷம் முழுக்க இருந்த நோன்பு என் கியர்ப்பெட்டியில் மாட்டிப் பல் உடைந்துபோனதாக ஆகிவிடும். அவர் அப்படிச் சொல்லமாட்டார். அதுதான் பெரிய கஷ்டம்.

அன்றைக்கு நாலு இருபதுக்கே கிளம்பிவிட்டோம். வானம் வெளுப்பாக இருந்தது, ரோடும் காலி. முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் மூன்றாவது கியருக்கு ஏழு தடவை போய் ஏழும் கடித்தது. இரண்டு வாரத்துக்கு முன் தெரிந்த வேலையும் போய்விட்டது. விக்கிரவாண்டிக்கு அந்தப் பக்கம் எட்டாவது தடவையும் கடித்தபோது எனக்கு ஆத்திரம் தலைக்கேறி, கியர்க் கம்பியின் உருண்டைத் தலையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். வலித்தது எனக்குத்தான்.

"கையை எடுங்க" என்றாள் அவள்.

"என்ன?"

"கையை எடுங்க. நீங்க காலை மட்டும் பாத்துக்குங்க."

இடது பக்க ஸ்டியரிங் வண்டியில் கியர்க் கம்பி இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கும். எனக்கு வலது கைப்பக்கம் என்றால் அவளுக்கு இடது கைப்பக்கம். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இடது கையால் அந்த உருண்டையைப் பிடித்தாள்.

"உனக்கு என்ன தெரியும்?"

"எனக்குச் சத்தம் தெரியும். மில்லுல எஞ்சின் ஓடிக்கினு இருக்கசொல்ல பெல்ட்டை ஒரு சக்கரத்துலேர்ந்து இன்னொரு சக்கரத்துக்குக் கட்டையால தள்ளணும். சத்தம் எறங்கி வர்ற நேரம் பாத்துத் தள்ளினா தானா ஏறிக்கும். அண்ணன் இல்லாதப்ப நான்தான் தள்ளுவேன். இத்தினி நாளா நீங்க ஒவ்வொரு வாட்டியும் கொஞ்சம் முன்னாடியே தள்றீங்க. காதால கேட்டுக்கினுதான் வர்றேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க கத்துக்கினு இருந்தீங்க."

நான் என் தொழிலை விடவில்லை. "சரி, ஒன்னுன்னா கழட்டு, டூன்னா போடு. ரெடி..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க எண்ணாதீங்க. நான் சொல்றப்ப மிதிங்க."

எஞ்சின் கத்தி உச்சிக்குப் போயிற்று. "மிதிங்க" என்றாள். மிதித்தேன். "விடுங்க... மிதிங்க..." கடித்தது. ஆனால் என் கடிபோல் இல்லை, சின்னக் கடி. அவள் உதட்டைச் சுழித்தாள். "லேட்டாயிடுச்சி." என்ன தாமதம் என்று எனக்குப் புரிந்தது. புருஷனுக்குக் கட்டளை போடுகிற மரியாதை பாதி வினாடியைத் தின்கிறது. "மரியாதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், சும்மா மிதின்னு சொல்லு" என்றேன். அவளுக்கு வாய் வரவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "'ம்'னு சொல்றேன்" என்றாள்.

மறுபடி எஞ்சின் உச்சிக்குப் போயிற்று.

"ம்." மிதித்தேன். அவள் கழற்றினாள். "ம்." விட்டேன். ஒரு கணம் ஒன்றும் இல்லை. எஞ்சின் சத்தம் மேலிருந்து இறங்கி வந்தது, அதை முதல் தடவையாக நானும் கேட்டேன். "ம்." மிதித்தேன். "ம்."

மூன்றாவது கியர் விழுந்தது. சத்தமே இல்லை. வண்டி முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் முன்னால் போயிற்று. நாலாவதையும் போட்டோம். அந்த வண்டிக்கு நாலாவது கியர் என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றுதான் உறுதியாயிற்று.

அப்புறம் அந்த ரோட்டில் நாங்கள் போனதை என்னால் மறக்க முடியாது. முன்னால் மல்லாட்டை வண்டி வரிசை வந்தால், எதிரே வருவது வலது பக்கத்திலிருக்கும் அவளுக்குத்தான் தெரியும். எட்டிப் பார்த்துவிட்டு "போலாம்" என்பாள். கீழ் கியருக்கு "ம், ம்", மேல் கியருக்கு "ம், ம்". கூட்டேரிப்பட்டுச் சந்தியில் ஒரு லாரியைத் தாண்டினோம். லாரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, கியரில் கை வைத்து ஓட்டிக்கொண்டு போகிற பெண்பிள்ளையைப் பார்த்து வாயைப் பிளந்தார். நான் ஒன்றரை மாதமாக முக்கி முனகிய வேலை அவளுடைய இடது கைக்கு அவரைக்காய் உரிப்பதுபோல் இருந்தது. சந்தோஷம்தான். எரிச்சலாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்து இருக்க முடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ரயில்வே கேட் மூடுகிற நேரம். மணி அடித்துக்கொண்டிருந்தது, கம்பம் பாதி இறங்கிவிட்டது. நின்றோம், அதே மேட்டில். அதே கேட்காரர். எங்களைப் பார்த்ததும் பின்னாலிருந்த வண்டிக்காரர்களிடம், "தள்ளிப் போங்கப்பா, அந்தம்மா வந்துடுச்சி!" என்று கத்தினார். மாடுகள்கூட இரண்டடி பின்வாங்கின.

ரயில் போக ஏழெட்டு நிமிஷம். சூரியன் ஒரு பனை உயரத்துக்கு வந்துவிட்டது. கேட்டைத் தூக்கினார்கள்.

"ம்." முதல் கியர் விழுந்தது. எஞ்சின் யோசித்தது. கைபிரேக்கை அவளே பிடித்துக்கொண்டிருந்தாள், சத்தத்தைக் கேட்டுக்கொண்டே. எஞ்சின் யோசித்து முடித்து உறுமியதும் அதை இறக்கிவிட்டாள். "ம்." விட்டேன். ஏறினோம், தண்டவாளத்தைத் தாண்டினோம், இறங்கினோம். பின்னால் கேட்காரர் கைதட்டுகிற சத்தம் கேட்டது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

வாசலில் வண்டி நின்றபோது எதிர்வீட்டுக் கூரையில் வெயில் இருந்தது. மாமியார் வெயிலையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினார். நாங்கள் உட்கார்ந்து அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தோம். பாயசத்தை நான் ருசி பார்க்கவே இல்லை, குடித்தேன். பிறகு அவர் கையைக் கூப்பிவிட்டு இலைமுன் உட்கார்ந்தார். மகள் பரிமாறினாள். முதல் கவளம் வாய்க்குள் போகும்வரை நான் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு பார்த்தேன். போயிற்று.

மச்சான் மில்லிலிருந்து வந்து என் தோளைத் தட்டினார். "பலே மாப்ளே! மூணாங் கியரு வுழுந்துச்சா?"

"வெண்ணெய் மாதிரி" என்றேன். என் மனைவி பருப்பு ஊற்றிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அதான் நான் அன்னிக்கே சொன்னேன், நெனைக்காம போடுங்கன்னு. சரி, வண்டி தெருவ அடைச்சிக்கினு நிக்குது. நெல்லு வண்டி வரணும். கொஞ்சம் பின்னால தள்ளி நிப்பாட்டிடுங்க."

வேறு வழியில்லை. தனியாகப் போய் உட்கார்ந்தேன். ரிவர்ஸ் கியர். கிளட்ச்சை மிதித்தேன். பக்கத்துச் சீட்டைப் பார்த்தேன். காலி. "ம்" என்று நானே சொல்லிக்கொண்டு தள்ளினேன்.

க்ர்ர்ர்ர்ர்ர்.

தெரு முழுக்கக் கேட்டது. மச்சான் திகைத்துப்போய்த் தங்கையைத் திரும்பிப் பார்த்தார். அவள் கரண்டியோடு நின்று, இடது கையை முந்தானைக்குள் மறைத்தாள். அதுவே அவருக்குப் போதும். "அடிப்பாவி!" என்றார்.

நான் பயந்தது அதற்கில்லை. ஜன்னல் வழியே மாமியார் தெரிந்தார். இலையில் பாதிச் சோறு இருந்தது. ஒரு வார்த்தை பேசினால் எழுந்துவிட வேண்டும். அவர் மகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கன்னம் உப்பியது. நான் பதறி மறுபடி கியரைத் தள்ளினேன், அது இன்னொரு தடவை கத்தியது. அவர் இடது கையின் பின்புறத்தால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வழிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கிளட்ச்சிலிருந்து காலை எடுக்காமல் காத்திருந்தேன்.

பிறகு கையை எடுத்து, மூச்சை இழுத்துவிட்டு, மிச்சச் சோற்றைப் பிசைந்து கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். கூரையிலிருந்த வெயில் அப்போதுதான் போயிற்று. கை கழுவிக்கொண்டு அவர் பேசிய முதல் வார்த்தை மகளிடம்.

"போயி அவருக்குக் கியரு போட்டுட்டு வாம்மா. பாவம், காத்துக்கினு இருக்காரு."